புதுத் தொட்டியில் பால் போன்ற கலங்கல்: தண்ணீரை மாற்ற மாற்ற ஏன் திரும்பி வருகிறது?

60 லிட்டர் தொட்டி வைத்து 4 தங்கமீன்களை விட்டீர்கள். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்துவிட்டது. முழுத் தண்ணீரையும் இருமுறை மாற்றி, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் கூழாங்கற்களையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிப் போட்டும் இரண்டே நாளில் மறுபடி வெளுக்கிறது. எந்த மருந்தை ஊற்றினால் தெளியும் என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒன்று அதைவிட அவசரம்: மீன்கள் பிழைக்குமா? அதிலிருந்து தொடங்குவோம்.

அந்த வெண்மை மீனைக் கொல்வதில்லை. வெண்மையோடு சேர்ந்து வரும் இரண்டு விஷயங்கள் கொல்லும். ஒன்று, தண்ணீரில் ஆக்சிஜன் குறைவது. மற்றது அம்மோனியா. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், செவுள் வேகமாக அடித்தால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஏர் பம்பைப் போட்டு ஏர் ஸ்டோனை (காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) இறக்குங்கள்; ஏர் பம்ப் இல்லையென்றால் ஃபில்டரின் வெளிவாயை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி, தண்ணீர் விழுந்து பரப்பு கலங்கும்படி வையுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். இன்றும் நாளையும் தீனி போட வேண்டாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் வளர்ந்த தங்கமீனுக்கு இரண்டு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. பிறகு குளோரின் நீக்கிய, தொட்டித் தண்ணீரோடு வெப்பம் ஒத்துப்போகும் நீரால் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றுங்கள். இவ்வளவும் எந்த வகைக் கலங்கலுக்கும் கெடுதல் செய்யாதவை. அதனால் காரணம் தெரியுமுன்பே செய்யலாம்.

இனி காரணம். தொட்டித் தண்ணீர் கலங்குவதற்குக் காரணங்கள் பல; ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு உதவாது. ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை எடுத்து, வெள்ளைத் தாளின் முன்னால் வைத்துப் பாருங்கள். நிறம் என்ன என்பது முதல் குறிப்பு: வெள்ளை, பச்சை, தேநீர் நிறம் மூன்றும் மூன்று வேறு சமாச்சாரங்கள். பிறகு அந்த டம்ளரை ஆட்டாமல் இரவு முழுக்க விடுங்கள். அடியில் வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது கல், மணல் தூசி. படியாமல் அப்படியே புகைபோல் நின்றால் அது உயிருள்ளது, அதாவது பாக்டீரியா அல்லது மிதக்கும் பாசி. குழாயிலிருந்து பிடித்த உடனேயே வெள்ளையாக இருந்து, சில நிமிடங்களில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் வெறும் காற்றுக் குமிழிகள்; அதை மறந்துவிடலாம். தொட்டிக் கண்ணாடியின் உட்புறத்தை விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பதும் நல்லது. சிலர் தண்ணீர் கலங்கியதாக நினைப்பது உண்மையில் கண்ணாடியில் படிந்த வழுவழுப்பான படலம்தான்.

நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்களுடையது பாக்டீரியா பெருக்கம் என்றே படுகிறது. தூசி என்றால் தண்ணீர் ஊற்றிய அன்றே கலங்கி, நாளாக ஆக தெளிந்திருக்கும். உங்கள் தொட்டி முதலில் தெளிவாக இருந்து மூன்றாம் நாள் வெளுத்தது. மாற்றியபின் தெளிந்து, மறுபடி இரண்டு நாளில் வெளுத்தது. வளரும் பொருள்தான் இப்படி நடந்துகொள்ளும். ஆனாலும் டம்ளர் சோதனையைச் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். எழுத்தில் விவரம் கேட்டுச் சொல்வதற்கு ஒரு எல்லை உண்டு.

இந்தப் பாக்டீரியாக்கள் கரிமக் கழிவை உண்பவை. மிச்சத் தீனி, மீனின் கழிவு, அழுகும் இலை இவற்றிலிருந்து தண்ணீரில் கரையும் சத்துதான் அவற்றின் உணவு. காற்றிலும் நீரிலும் தொட்டிச் சாமான்களிலும் எப்போதும் இருப்பவை. வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. முதிர்ந்த தொட்டியில் கல், ஃபில்டர், கண்ணாடி என்று எல்லாப் பரப்பிலும் பாக்டீரியாப் படலம் ஒட்டியிருக்கும். கரைந்த சத்தை அது உடனுக்குடன் இழுத்துக்கொள்வதால் நீரில் மிதப்பவற்றுக்கு மிஞ்சுவது குறைவு. புதுத் தொட்டியில் எல்லாப் பரப்பும் வெறுமையாக இருக்கிறது, சத்து மட்டும் இருக்கிறது. மிதக்கும் கூட்டம் சாதகமான நிலையில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இரட்டிக்கக்கூடியது. கோடிக்கணக்கில் சேர்ந்ததும் ஒளியைச் சிதறடிக்கிறது. நம் கண்ணுக்குப் பால்போல் தெரிகிறது. அவை மூச்சுவிடவும் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரியில் நன்னீரில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 30 டிகிரியில் அது 7.5 ஆகிவிடும். அந்தச் சிறிய இருப்பில் மீனும் பாக்டீரியாவும் பங்கு போடுகின்றன. வெயில் காலத்தில் வெளுத்த தொட்டி விடிகாலையில் மீனைப் பலி வாங்குவது இப்படித்தான்.

இப்போது, மாற்ற மாற்ற ஏன் திரும்புகிறது என்ற கேள்வி. தண்ணீர் முழுவதையும் கொட்டும்போது மிதந்த கூட்டத்தைக் கொட்டுகிறீர்கள், சரி. ஆனால் கல் இடுக்கில் கிடக்கும் தீனி போகவில்லை, அல்லது போனாலும் மறுநாளே அதே அளவு தீனி விழுகிறது. மிச்சமிருக்கும் கொஞ்சம் பாக்டீரியா இரண்டு நாளில் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவியதில் நடந்தது. தொட்டிக்கு உண்மையில் தேவையான வேறொரு பாக்டீரியாக் கூட்டம் அந்த ஸ்பாஞ்சில்தான் மெல்ல வேர்பிடித்துக்கொண்டிருந்தது. குழாய்நீரின் குளோரினும், கையால் தேய்த்ததும் சேர்ந்து அதை முதல் படிக்கே தள்ளிவிட்டன. ஒவ்வொரு முழுக் கழுவலும் தொட்டியின் வயதை மறுபடி பூஜ்யம் ஆக்குகிறது.

அந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீன் வளர்ப்பின் அடித்தளமே அதுதான். மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியிடுகிறது. தீனி அழுகினாலும் அம்மோனியா வரும். ஒருவகை நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் மீனுக்கு விஷம். கடைசியானது வாராந்திர நீர்மாற்றத்தில் சமாளிக்கக்கூடியது. நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபேக்டர் என்றுதான் பழைய புத்தகங்கள் சொல்லும். மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 2015-ல் இரண்டு படிகளையும் தனியாகவே செய்துமுடிக்கும் நைட்ரோஸ்பைராக்களும் கண்டறியப்பட்டன. பெயர் எதுவானாலும் உங்களுக்கு முக்கியமானது இதுதான்: இவை இரட்டிக்க அரை நாளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும் மெதுவான உயிர்கள், நீரில் மிதப்பது மிகக் குறைவு, பரப்பில் ஒட்டித்தான் வாழும், ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருக வழக்கமாக 4 முதல் 6 வாரம் ஆகும். வெண்மை தெளிந்துவிட்டது என்பதால் இந்தச் சுழற்சி முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் வெண்மை முதல் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் அதற்குப் பிறகும் ஏறி இறங்கும். தெளிந்ததைப் பார்த்து மகிழ்ந்து மேலும் மீன் வாங்கி விடுவதுதான் அந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் சேதம்.

ஆகவே அடுத்த சில வாரங்களுக்குச் செய்ய வேண்டியது பெரும்பாலும் அடக்கமான வேலை. ஃபில்டரை 24 மணி நேரமும் ஓட விடுங்கள். இரவில் சத்தம் என்று நிறுத்தினால் ஸ்பாஞ்சில் உள்ள நல்ல கூட்டம் ஆக்சிஜன் இன்றித் திணறும். ஃபில்டரின் ஓட்டம் மணிக்கு 240 முதல் 360 லிட்டர், அதாவது தொட்டி அளவைப்போல் 4 முதல் 6 மடங்கு இருந்தால் போதும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே வேளை தீனி, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். மிச்சம் இருந்தால் வலையால் உடனே எடுத்துவிடுங்கள். தங்கமீன் எப்போதும் பசித்ததுபோல் கண்ணாடியை முட்டும். அதை நம்பித் தீனி போடாதீர்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை 20 முதல் 25 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும்போது சைஃபன் குழாயைக் கல்லுக்குள் செருகி, அடியில் கிடக்கும் அழுக்கோடு உறிஞ்சுங்கள், ஒரு முறைக்குத் தரையின் கால் பகுதி மட்டும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு நீரோட்டம் குறைந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். தொடத்தான் வேண்டுமென்றால், தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிழிந்து அப்படியே திரும்பப் போடுங்கள். அது பழுப்பாகத் தெரிவது நல்லதுதான்.

இந்தக் காத்திருப்பைப் பாதியாகச் சுருக்க ஒரு வழி உண்டு, நிச்சயம் பலன் தருவதும் அதுதான்: பல மாதமாக நோயின்றி ஓடும் தொட்டி வைத்திருப்பவரிடம் அவர் ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டையோ, ஃபில்டருக்குள் இருக்கும் பீங்கான் வளையங்களில் ஒரு பிடியையோ கேட்டு வாங்கி, உலர விடாமல் அதே தண்ணீரில் கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும், அதனால் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம். பழைய தொட்டியின் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றுவதில் பயன் குறைவு. மேலே சொன்னபடி அந்த உயிர்கள் தண்ணீரில் இல்லை.

அம்மோனியா, நைட்ரைட், பிஹெச் (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) மூன்றையும் அளக்கச் சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கலங்கலைப் போக்கும் புட்டிகளுக்குச் செலவழிப்பதைவிட இதற்குச் செலவழிப்பது மேல். கிட் காட்டுவது மொத்த அம்மோனியா; அதில் மீனைத் தாக்கும் பகுதி எவ்வளவு என்பதை பிஹெச் தீர்மானிக்கிறது. 25 டிகிரியில் பிஹெச் 7 என்றால் விஷப் பகுதி 1 சதவீதத்துக்கும் குறைவு, 8 என்றால் சுமார் 5 சதவீதம், 8.5 என்றால் சுமார் 15 சதவீதம். ஆகவே 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) என்ற ஒரே எண், ஒரு தொட்டியில் கவனிக்க வேண்டிய விஷயம், இன்னொன்றில் அவசர நிலை. கணக்குப் போட விருப்பம் இல்லையென்றால் எளிய விதி: மொத்த அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம்மைத் தாண்டினால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பாதி மாற்றினால் அளவு பாதியாகும், அவ்வளவுதான். 2 பிபிஎம் இருந்தால் ஒரு மாற்றம் போதாது, மறுநாளும் செய்ய வேண்டியிருக்கும். நைட்ரைட் ஏறும் வாரத்தில் 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் சாதாரணக் கல்லுப்பைத் தனியே கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கிறது. தண்ணீர் மாற்றும்போது வெளியே போன அளவுக்கு மட்டும் உப்பைச் சேருங்கள். ஆவியாகிக் குறைந்த நீரை நிரப்பும்போது சேர்க்கக் கூடாது, உப்பு ஆவியாவதில்லை.

குளோரின் விஷயத்திலும் ஒரு தெளிவு வேண்டும். குளோரின் மட்டும் கலந்த தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் ஏர் ஸ்டோனோடு வைத்தால் அது போய்விடும். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள்) கலந்திருந்தால் அப்படிப் போகாது. குளோரினை நீக்கும் மருந்தான ஆன்டி குளோரின் கட்டாயம். சோடியம் தயோசல்பேட் மட்டும் கொண்ட சாதாரண ஆன்டி குளோரின் குளோரமைனை உடைக்கும், ஆனால் அதிலிருந்து வெளிவரும் அம்மோனியா தண்ணீரிலேயே நிற்கும். சுழற்சி முடியாத தொட்டியில் அதுவும் ஒரு சுமை. தண்ணீரை நேராகத் தொட்டிக்குள் ஊற்றுவதானால் ஆன்டி குளோரினை, மாற்றும் தண்ணீரின் அளவுக்கு அல்ல, முழுத் தொட்டி அளவுக்குப் போடுங்கள். அளவு தெரிய நீளம், அகலம், நீரின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 60 லிட்டர் என்று விற்கும் தொட்டியில் கல்லும் மேல் இடைவெளியும் போக 50 லிட்டர் சுமாருக்குத்தான் தண்ணீர் இருக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட மருந்து. தெளிய வைக்கும் திரவங்கள் பெரும்பாலும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கட்டியாக்குபவை. கட்டியானதை ஃபில்டர் பஞ்சு பிடிக்கும். கல் தூசிக்கு அவை நன்றாகவே வேலை செய்யும். பாக்டீரியாவுக்கு ஊற்றினால் ஒரு நாள் தெளியும், உணவு அப்படியே இருப்பதால் திரும்பவும் வெளுக்கும். அளவு மீறினால் செவுளில் படியும் அபாயமும் உண்டு. உங்கள் நிலையில் நான் ஊற்ற மாட்டேன். ஆக்டிவேட்டட் கார்பன் நிறத்தையும் வாசனையையும் பிடிக்கும், பாக்டீரியாவைப் பிடிக்காது. யூவி விளக்கு மிதக்கும் பாக்டீரியாவை உறுதியாகக் கொல்லும், தண்ணீர் தெளியும். ஆனால் அம்மோனியாவை அது தொடாது. அதனால் தெளிந்த விஷத்தண்ணீர் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. அளந்து பார்க்காமல் அதை நம்ப வேண்டாம். புட்டியில் வரும் பாக்டீரியாக்களில் இத்தனை உறுதியாகப் பேச முடியாது. உண்மையான நைட்ரோஸ்பைராவை உயிரோடு கொண்டவை உதவும். அதிக வெப்பத்தில் கிடந்தவையும் காலாவதியானவையும் வெறும் தண்ணீர்தான். கழிவைக் கரைக்கும் என்று விற்கப்படும் பசிலஸ் வகைப் புட்டிகள் கரிமம் தின்னும் கூட்டத்தைச் சேர்ந்தவை. அவற்றை அதிகமாக ஊற்றினால் வெண்மை கூடவும் செய்யும். ஆன்டிபயாடிக் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அது கெட்டதையும் நல்லதையும் பிரித்துப் பார்க்காது.

டம்ளர் சோதனையில் வேறு விடை வந்தால் வழியும் வேறு. அடியில் வண்டல் படிந்தால் கற்களைக் கழுவியது போதவில்லை என்று பொருள். ஃபில்டரில் மெல்லிய வெள்ளைப் பஞ்சை வைத்து, அடைக்க அடைக்க மாற்றினால் ஓரிரு நாளில் தெளியும். செடிக்கான மண் கட்டிகளை மட்டும் கழுவக் கூடாது, கரைந்துவிடும். தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெதுவாக விட்டு நிரப்பினால் கலங்காது. கடின நீரில் பிஹெச் ஏற்றும் பொடி போட்ட பிறகு வெளுத்தால் அது சுண்ணாம்புப் படிவாக இருக்கலாம். டம்ளர் தண்ணீரில் சில சொட்டு வினிகர் விட்டுக் கலக்குங்கள். தெளிந்துவிட்டால் அதுதான், பொடியை நிறுத்தினால் போதும். வினிகரைத் தொட்டிக்குள் விடாதீர்கள். தேநீர் நிறம் மரக்கட்டையிலிருந்து கசியும் டானின். கெடுதல் இல்லை, பிடிக்காவிட்டால் கார்பன் எடுத்துவிடும்.

பச்சைத் தண்ணீர் கொஞ்சம் பிடிவாதமானது. மிதக்கும் ஒருசெல் பாசி மெல்லிய பஞ்சிலும் நழுவிவிடும், தண்ணீர் மாற்றினாலும் ஓரிரு நாளில் பழையபடி பெருகும். வெயில் நேரடியாக விழும் இடமும், 10 மணி நேரத்துக்கு மேல் எரியும் விளக்கும், மிகுதியான தீனியும் சேர்ந்தால் வருவது. தொட்டியை நான்கு பக்கமும் கனத்த துணியால் மூடி 3 அல்லது 4 நாள் ஒளியே படாமல் வைக்க வேண்டும்; அந்த நாட்களில் ஏர் பம்ப் கட்டாயம் ஓட வேண்டும், ஏனென்றால் சாகும் பாசி அழுகி ஆக்சிஜனை உறிஞ்சும். திறந்ததும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள். இதற்கு யூவி விளக்கு மிக நல்ல கருவி. சில நாட்களில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

மாதக்கணக்கில் தெளிவாக ஓடிய தொட்டி ஒரு நாள் திடீரென்று வெளுத்தால் எதையும் ஊற்றுவதற்கு முன் மீன்களை எண்ணுங்கள். பாறைக்கும் ஃபில்டருக்கும் பின்னால் செத்துக் கிடக்கும் மீனோ நத்தையோதான் அடிக்கடி காரணம். அது இல்லையென்றால், சமீபத்தில் ஃபில்டரைக் கழுவினீர்களா, மருந்து போட்டீர்களா, வேறு யாராவது தீனி போட்டார்களா, மின்சாரம் பல மணி நேரம் நின்றதா என்று பாருங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா வகை) பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஸ்விட்சைப் போடக் கூடாது. உள்ளே தேங்கி நாறிய தண்ணீர் நேராக மீன்மேல் வரும். திறந்து, அந்த நீரைக் கொட்டி, உள்ளிருக்கும் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்டுங்கள்.

கடைசியாக, இந்தத் தொட்டிக்கும் மீனுக்கும் உள்ள கணக்கு. 4 தங்கமீன்கள் 60 லிட்டருக்கு அதிகம். அவை நிறையத் தின்று நிறையக் கழிப்பவை. சாதாரண வகை நன்றாக வளர்ந்தால் 20 சென்டிமீட்டரைத் தாண்டும். குட்டிகளாக இருக்கும்வரை அடிக்கடி தண்ணீர் மாற்றிச் சமாளிக்கலாம், ஆனால் சில மாதங்களில் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும், அல்லது இரண்டையாவது வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இப்போதே இரண்டைத் தற்காலிகமாக வேறொரு நல்ல தொட்டியில் விட முடிந்தால் அம்மோனியாச் சுமை பாதியாகக் குறையும். மேலே சொன்ன எல்லா மருந்தையும்விட அது வேலை செய்யும். மூன்று வாரம் இப்படி நடத்தியும் வெண்மை குறையவில்லையென்றால் அம்மோனியா, நைட்ரைட், பிஹெச், வெப்பம் ஆகிய நான்கு எண்களையும், டம்ளர் சோதனையின் முடிவையும், ஒரு நாளைக்குப் போடும் தீனியின் அளவையும் குறித்து எழுதுங்கள். அவை இருந்தால் ஊகம் இல்லாமல் பதில் சொல்ல முடியும்.